புதைத்த மழைநீர்க் குழாயில் மண் அடைக்கிறது: எங்கே உடைப்பது, எங்கே மூடி வைப்பது?

கேள்வி இதுதான். சென்னையில் தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீடு, மொட்டைமாடி சுமார் 1,200 சதுர அடி. மூன்று மழைநீர்க் குழாய்கள் ஒரே பக்கச் சந்தில் இறங்கி, டைல்ஸுக்கு அடியில் ஓடும் ஒரு 4 அங்குல பிவிசி குழாயில் சேர்கின்றன. அது 40 அடி ஓடி, வீட்டின் முன்மூலையில் திரும்பி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உறைகிணற்றில் விழுகிறது. சாதாரண மழையில் தொந்தரவு இல்லை. அடித்துப் பெய்தால் மட்டும் பின்பக்கக் குழாயின் அடி இணைப்பிலிருந்து தண்ணீர் பொங்குகிறது. பிளம்பர் சந்து முழுவதையும் உடைத்து 6 அங்குலக் குழாய் போட வேண்டும் என்கிறார். அப்படி உடைக்காமல், வண்டல் தொட்டியும் திறந்து பார்க்க வழியும் சேர்த்தால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழாயின் வாட்டம், அதாவது சரிவு, சரியாக இருந்தால் தீரும். சந்து முழுவதையும் உடைக்க வேண்டாம், சில இடங்களில் மட்டும் திறந்தால் போதும். மொட்டைமாடியிலிருந்து மண் வருவதை யாராலும் நிறுத்த முடியாது. அது எங்கே போய்த் தங்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். இப்போது அது டைல்ஸுக்கு அடியில் கை போகாத இடத்தில் தங்குகிறது. குனிந்து ஒரு மக்கால் அள்ளி எடுக்கக்கூடிய இடத்தில் அதைத் தங்க வைப்பதுதான் இங்கே வேலை.

முதலில் 6 அங்குல யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,200 சதுர அடி என்பது ஏறக்குறைய 111 சதுர மீட்டர். மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் மழை கொட்டினால் (சென்னையில் மேகம் உடைத்துக்கொண்டு ஊற்றும்போது கொஞ்ச நேரமாவது இந்த வேகம் வரும்) மணிக்கு 11,100 லிட்டர், அதாவது வினாடிக்கு சுமார் 3 லிட்டர். நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் போட்ட சுத்தமான 4 அங்குலக் குழாய், நிறைந்து ஓடும்போது வினாடிக்கு 6 லிட்டர் அளவில் கொண்டு போகும். தேவையைப் போல இரண்டு மடங்கு.

இப்போது அதே குழாயில் பாதி உயரத்துக்கு மண் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவும் பாதியாகும் என்றுதான் தோன்றும். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் மிஞ்சும். பரப்பு பாதியாகிறது, அதோடு ஓடும் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் அது உரசிக்கொண்டு போகும் பரப்பும் கூடிவிடுகிறது. ஆக வினாடிக்கு 2 லிட்டரைச் சற்றுத் தாண்டும் அளவே போகும். மணிக்கு 5 செ.மீ. மழையை (வினாடிக்கு ஒன்றரை லிட்டர்) சமாளித்துவிடும், 10 செ.மீ. மழைக்குப் பொங்கும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் இதுதான். குழாய் சின்னதாக இருந்தால் புது வீட்டிலிருந்தே பொங்கியிருக்கும்.

6 அங்குலம் போட்டால் கொஞ்ச வருடங்கள் நிம்மதியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே தண்ணீர் பெரிய குழாயில் ஆழம் குறைந்து பரந்து ஓடும், மண்ணை இழுத்துக்கொண்டு போகும் வேகமும் கொஞ்சம் குறையும். வழக்கமான தூறல்களில் படிவது தொடரும். பிறகு அடைக்கும்போது உள்ளே கிடக்கும் சேறும் அதிகமாக இருக்கும், அதை எடுக்கவும் வழி இருக்காது.

மண் எங்கிருந்து வருகிறது? மொட்டைமாடித் தூசி, பழைய தட்டோடுகளுக்கு இடையே உதிரும் சாந்து, வேப்பிலை, பூ, புறா எச்சம், அப்புறம் எப்போதோ மேலே தொட்டி கட்டியபோது மிஞ்சிய எம்-சாண்ட். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாடியில் ஒரு சின்னப் பூச்சு வேலை நடந்து, கலவை போட்ட இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டாலே போதும். சிமெண்ட் பால் குழாயின் அடியில் போய் இறுகிவிடும். அதை எந்தக் கம்பியாலும் எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது, இருந்த வீடுகளில் அவசரமாகச் செய்த இணைப்புகள் ஏராளம். மாடியிலிருந்து வரும் குழாய்க்கு ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு, நேராகக் குழிக்குள் விட்டு, மேலே சிலாப் போட்டுப் பூசிவிட்டார்கள். தண்ணீர் போக வழி செய்தவர்கள், மனிதன் கை போக வழி செய்யவில்லை. அப்படிப்பட்ட குழிகள் பலவற்றில் மேல் மணல் அடுக்கு இறுகி, தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகளிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது.

உடைப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், போதும். பின்பக்கக் குழாய் மண்ணில் இறங்கும் இடத்தில் ஓரடி தோண்டி, புதைந்த குழாயின் அடிமட்டத்தைக் கண்டுபிடியுங்கள். முன்மூலையிலும் அதே போல. 40 அடி நீளத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 5 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். 4 அங்குலம் இருந்தாலும் ஓட்டிவிடலாம். ஒரு அங்குலம்தான் இருக்கிறது, அல்லது நடுவில் எங்கோ குழாய் தொய்ந்து கிடக்கிறது என்றால், நான் கீழே சொல்வது எதுவும் நிரந்தரத் தீர்வாகாது. அப்போது பிளம்பர் சொல்வது போலத் தோண்டத்தான் வேண்டும், ஆனால் 4 அங்குலமே போட்டு வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். தொய்வை எப்படிக் கண்டுபிடிப்பது? குழாயைச் சுத்தம் செய்த பிறகு ஒரு வாளி தண்ணீரைப் பின்னால் ஊற்றி, முன்னால் வெளியே வருவதைக் கவனியுங்கள். ஊற்றி முடித்த சிறிது நேரத்தில் ஒழுக்கு நிற்க வேண்டும். ஊற்றியதில் பெரும்பகுதி வெளியே வராமலே போனால் நடுவில் பள்ளம் இருக்கிறது, அல்லது இணைப்பு விட்டுப்போய்க் கசிகிறது.

வாட்டம் சரி என்று தெரிந்தால் முன்மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே இப்போது ஒரு எல்போ இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் முக்கிய வண்டல் தொட்டியைக் கட்டுவதுதான் என் விருப்பம். திருப்பத்தில்தான் கம்பி மாட்டும், அடைப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். தொட்டி வந்துவிட்டால் திருப்பம் என்ற தொல்லையே போய்விடும். தண்ணீர் உறைகிணற்றுக்குள் போவதற்கு முன்னால் இதுதான் கடைசி இடம் என்பதும் வசதி.

அளவு பற்றிப் பேசும்போது பலரும் ஆழத்தையே பேசுகிறார்கள். மண்ணைப் படிய வைப்பது முதன்மையாகத் தொட்டியின் மேற்பரப்பு. தண்ணீர் எவ்வளவு அகலமாகப் பரவி, எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அந்த அளவுக்குச் சின்னத் துகளும் இறங்கும். படிந்த மண்ணைச் சேர்த்து வைக்கவும், அடுத்த மழையில் அது கிளறி மேலே வராமல் இருக்கவும்தான் ஆழம். ஓரடிக்கு ஓரடி குழியை மூன்றடி ஆழம் தோண்டுவதைவிட, ஒன்றரை அடி அகலம், மூன்றடி நீளம் உள்ள தொட்டி எவ்வளவோ மேல். நீளம் தண்ணீர் ஓடும் திசையில் இருக்கட்டும். ஒரு கோடியில் தண்ணீர் உள்ளே வந்து மறுகோடியில் வெளியே போக வேண்டும். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குறுக்கு வழியில் நழுவிப் போய்விடும், தொட்டியின் மற்றப் பகுதி சும்மா கிடக்கும்.

வெளியேறும் குழாயின் அடிமட்டத்திலிருந்து தொட்டியின் தரை ஒன்றேகால் அடி கீழே இருக்கட்டும். ஒன்றரைக்கு மூன்று அளவில் அது சுமார் 160 லிட்டர் பிடிக்கும். வினாடிக்கு 3 லிட்டர் வரும் மழையில் தண்ணீர் உள்ளே தங்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. 0.2 மி.மீ. மணல் ஓரடி இறங்க 15 வினாடி போதும், ஆகவே அந்த அளவும் அதற்குப் பெரியதுமான மணல் அனைத்தும் பிடிபடும். அதைவிட மெல்லிய மணலும் பெரும்பாலும் பிடிபடும். 0.02 மி.மீ. வண்டலுக்கு ஓரடி இறங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டும், களிமண் துகளுக்கு ஒரு நாள். அவை தப்பித்துப் போகும். இதைச் சொல்லக் காரணம், தொட்டி கட்டிய பிறகு பலத்த மழையில் கலங்கிய தண்ணீர் உறைகிணற்றில் விழுவதைப் பார்த்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. குழாயை அடைப்பது மணல். அதை நிறுத்தினால் வேலை முடிந்தது. கலங்கலை அடியோடு நிறுத்த வீட்டுச் சந்தில் இடம் கிடையாது.

இங்கே ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. தொட்டிக்குள் எதையும் போடாதீர்கள். ஜல்லி, கரி, கூழாங்கல், மணல் என்று அடுக்கடுக்காக நிரப்பி "ஃபில்டர் சேம்பர்" என்று கட்டிக் கொடுப்பவர்கள் நிறைய பேர். முதல் வருடம் அழகாக வேலை செய்யும். பிறகு ஜல்லிக்கு இடையில் சேறு புகுந்து இறுகும். அதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மொத்த ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்ப நிரப்ப வேண்டும். அதை இரண்டாவது தடவை செய்த வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. காலித் தொட்டியை ஆள் வைக்காமலே கால் மணி நேரத்தில் சுத்தம் செய்துவிடலாம்.

வெளியேறும் குழாயின் வாயில் ஒரு 4 அங்குல டீயை (T வடிவ இணைப்பு) நிமிர்ந்த நிலையில் மாட்டுங்கள். டீயின் கீழ்க்கால் தண்ணீருக்குள் நான்கைந்து அங்குலம் முங்கி இருக்க வேண்டும், மேல்கால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓரடியாவது நிமிர்ந்து திறந்திருக்க வேண்டும். மிதக்கும் இலை, பூ, தெர்மோகோல் துண்டு எல்லாம் உள்ளேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் அடியிலிருந்து ஏறிப் போகும். மேல்கால் திறந்திருப்பதால் காற்று போகும். டீயைச் சொலூஷன் (பிவிசி பசை) போட்டு ஒட்டாமல் இறுக்கமாகச் செருகி மட்டும் வையுங்கள், கழற்றிக் கழுவலாம், கிணறு வரையிலான குழாய்க்குள் கம்பி விடவும் அதுவே வழி.

உள்ளே வரும் குழாய், வெளியேறும் குழாயைவிட ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை உயரமாக இருக்க வேண்டும். எந்தத் தொட்டி வைத்தாலும் வாட்டத்தில் இவ்வளவு செலவாகும். சாலையோர வடிகாலில் போய்ச் சேரும் வீடுகளில் இந்த இரண்டு அங்குலத்துக்கே திண்டாட்டம் வரும், அதனால்தான் வழி நெடுகத் தொட்டி கட்டுவது தப்பு. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உறைகிணற்றுக்குள் எவ்வளவு கீழே வேண்டுமானாலும் விடலாம்.

மொத்த ஆழம், அதாவது மூடியிலிருந்து தரை வரை, இரண்டரை அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினால் கொத்துக் கரண்டி அடியைத் தொட வேண்டும். நாலடி ஆழத்தில் கட்டினால், சுத்தம் செய்ய யாராவது உள்ளே இறங்க வேண்டும் என்ற நிலை வரும். ஒன்றரை அடி அகலத்தில் யாரும் இறங்கவும் முடியாது. குழாயே ஏற்கெனவே ஆழத்தில் கிடக்கிறது என்றால் சேகரிப்புக் குழிவை (வெளியேறும் குழாய்க்குக் கீழே மண் தங்கும் ஆழத்தை) ஓரடியாகக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பதில் நீளத்தைக் கூட்டுங்கள்.

செங்கல்லோ ஃப்ளை ஆஷ் கல்லோ, நாலரை அங்குலச் சுவர் போதும். அடியில் 4 அங்குல கான்கிரீட். உள்பக்கம் நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்து இரண்டு தடவை பூசி, மூலைகளைக் கூர்மையாக விடாமல் வழித்து வளைத்துவிடச் சொல்லுங்கள், கரண்டிக்கு எட்டாத மூலையில் சேறு தங்காது. குழாய் சுவரில் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். பிவிசி வழவழப்பாக இருப்பதால் சிமெண்ட் பிடிக்காது. அந்த நீளத்துக்கு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சொலூஷன் தடவி மேலே மணல் தூவிக் காயவிட்டு, பிறகு பூசினால் பிடித்துக்கொள்ளும். இடம் இருந்தால் தொட்டியை வீட்டுச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கட்டுங்கள். அண்ணா நகர், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் இது இன்னும் முக்கியம், கடைக்கால் ஓரமாகக் கசியும் தண்ணீர் அங்கே வெளியே போகாது.

மூடிதான் இந்த ஏற்பாட்டின் உயிர். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டரை அங்குலக் கனமுள்ள கான்கிரீட் சிலாப் 50 கிலோவுக்கு மேல் வரும். அதைத் தூக்க இரண்டு ஆள் தேட வேண்டும், தேட வேண்டியிருந்தால் தூக்கவே மாட்டோம். மூடியை இரண்டு துண்டாகச் செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கி பதிக்கச் சொல்லுங்கள். ஆள் மட்டும் நடக்கும் இடம் என்றால் ஃபைபர் மூடி இன்னும் நல்லது. கார் ஏறும் இடம் என்றால் அதற்கென்று விற்கும் கனரக மூடிதான், அதில் சமரசம் வேண்டாம். டைல்ஸோடு டைல்ஸாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், டைல்ஸை உள்ளே பதித்துக்கொள்ளும் தட்டு மாதிரி மூடிகள் கிடைக்கின்றன. ஆனால் மூடி மேல் சாந்து வைத்து டைல்ஸ் ஒட்ட மட்டும் விடாதீர்கள். வேலை முடியும் நாளில் டைல்ஸ்காரர் "சார், நீட்டா ஃபினிஷ் பண்ணிடறேன்" என்று சொல்வார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுத்தது மூன்று குழாய்களின் அடிப்பகுதி. இப்போது அவை நேராக மண்ணுக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தரைக்கு மேல் அரை அடி உயரத்தில் வெட்டி, கீழே ஓரடிக்கு ஓரடி சிறு பெட்டி கட்டி, அதற்குள் தண்ணீர் விழச் செய்யுங்கள். பெட்டிக்குள் காய்கறிக் கடையில் இருப்பது போன்ற ஓட்டைப் பிளாஸ்டிக் கூடை ஒன்று உட்கார வேண்டும். இலையும் கனமான மணலும் அதிலேயே நிற்கும், எடுத்துக் கொட்டுவது ஒரு நிமிட வேலை. பெட்டியின் விளிம்பைத் தரையைவிட இரண்டு அங்குலம் தூக்கி விடுங்கள், இல்லாவிட்டால் சந்தைக் கழுவும் தண்ணீரும் துணிச் சோப்பும் அதில் இறங்கும்.

இந்த இடைவெளியால் இன்னொரு லாபம் உண்டு. அடிவழி முழுவதும் ஒட்டியிருந்தால், அடைக்கும்போது தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஏறும். முதல் மாடி உயரம் வரை ஏறினால் அடி இணைப்பில் அழுத்தம் எக்கச்சக்கம். எந்த இணைப்பு பலவீனமோ அது பிய்த்துக்கொள்ளும். சுவரை ஒட்டியோ சுவருக்குள்ளேயோ குழாய் போகிற வீடுகளில் அறைக்குள் ஈரம் காட்டுவது இப்படித்தான். திறந்த பெட்டியாக இருந்தால் அடைப்பு வந்த அன்றே தண்ணீர் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பெட்டி கட்ட இடமே இல்லை என்றால் குழாயின் அடியில் டோர் பெண்ட் (சின்னக் கதவு வைத்த வளைவு) போடுங்கள். திருகாணியைக் கழற்றினால் கதவு திறக்கும். அதன் ரப்பர் வளையம் நசுங்கிப் போயிருந்தால் மாற்ற வேண்டும். துரு பிடிக்காத திருகாணியாகப் பார்த்து வாங்குவது நல்லது, துருப்பிடித்த கதவு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நீங்கள் கேட்ட திறந்து பார்க்கும் வழிக்கும் வண்டல் தொட்டிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பலர் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வண்டல் தொட்டியில் அடி பள்ளமாக இருக்கும், எல்லாம் தங்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் சேம்பரில், அதாவது திறந்து பார்க்கும் தொட்டியில், எதுவும் தங்கக் கூடாது. அடியில் பாதிக் குழாய் வடிவில் வாய்க்கால் விட்டு, இரண்டு பக்கமும் சரிவாகப் பூசியிருப்பார்கள். திருப்பம், இரண்டு குழாய் சேரும் இடம், வாட்டம் மாறும் இடம் ஆகியவற்றில் ஒன்று வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 40 அடி நேர்க்கோட்டுக்கு நடுவில் தனியாக ஒன்று தேவையில்லை. பெட்டிகளே மூன்று இடத்தில் வழி கொடுக்கின்றன. பின்பக்கக் கோடியில் மட்டும் ஒரு ஒய் (Y வடிவ இணைப்பு) வைத்து, 45 டிகிரி பெண்ட் மாட்டி, குழாயைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து திருகு மூடி போட்டுவிடுங்கள். அந்தச் சாய்வு தண்ணீர் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். கம்பியோ மூங்கில் பிளாச்சோ தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். செங்குத்தாக டீ வைத்தால் கம்பி அடியில் குத்தி நிற்கும்.

மற்றப் புது வேலைகளுக்கு முன் பழைய சேற்றை எடுத்தாக வேண்டும். முன்மூலைத் தொட்டி கட்டி முடிந்து பூச்சு காய்ந்ததும், கிணற்றுக்குப் போகும் வாயைத் துணிப் பொதியோ கேப்போ வைத்து அடைத்துவிடுங்கள். இதை மறந்தால் பல வருடச் சேறு மொத்தமும் ஒரே நாளில் உறைகிணற்றின் அடியில் போய் உட்காரும். பிறகு முன்பக்கத்திலிருந்து மேல் நோக்கிக் கம்பி விட்டுக் கிளறி, பின்னாலிருந்து தண்ணீர் பாய்ச்சி, தொட்டியில் வந்து சேரும் சேற்றை வாரி எடுங்கள். கீழ்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கிளறிய மண் வெளியேற இடம் இருக்கும். மேலேயிருந்து குத்திக்கொண்டே வந்தால் எல்லாம் முன்னால் போய் இறுகும். கார் கழுவும் அழுத்தப் பம்பு இருந்தால் வேலை சுலபம். மணல்தான் என்றால் வந்துவிடும். கல் மாதிரி ஏதோ தட்டுகிறது என்றால் அது மேலே சொன்ன சிமெண்ட் பால். அந்தத் துண்டை மட்டும் கண்டுபிடித்து வெட்டி மாற்றுங்கள்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வண்டல் தொட்டியில் தண்ணீர் எப்போதும் நிற்கும். சென்னையின் வெப்பத்தில் கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சியும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸும் இந்த மாதிரி மூடிய, ஓரளவு சுத்தமான தண்ணீரைத்தான் விரும்பும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணற்பாங்கான இடத்தில், தொட்டி சுவரிலிருந்து தள்ளி இருந்தால், அடி கான்கிரீட்டில் இரண்டு ஓட்டை விட்டுக் கீழே ஜல்லி போட்டுவிடலாம், மழை நின்ற பிறகு தண்ணீர் தானாக இறங்கிவிடும். களிமண்ணிலும், வேளச்சேரி, கிண்டி பக்கம் பாறை மேலே தெரியும் இடங்களிலும் அது நடக்காது. அங்கே மூடி விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி இறுக்கமாக மூடுங்கள். பெட்டிகளின் மேல் பொடிக்கண் வலை வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் மழை இல்லை என்றால் தண்ணீரை இறைத்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் இங்கே கூடவே கூடாது, அது நேராக நிலத்தடி நீருக்குப் போகும்.

மாடியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழாய் வாயில் தட்டையான ஜாலி இருந்தால் தூக்கிப் போடுங்கள், ஒரு வாதாம் இலை விழுந்தாலே மூடிக்கொள்ளும். கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேலே எழும்பிய ஜாலி வாங்குங்கள். மழைத் தண்ணீரை உறைகிணற்றுக்கு மட்டும் விடாமல் சம்ப்புக்கும் எடுக்கும் எண்ணம் இருந்தால், முதல் மழையைத் தனியே ஒதுக்கும் குழாய் வைப்பது அவசியம். ஒரு குழாய்க்கு 400 சதுர அடி என்றால் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 37 லிட்டர். 4 அங்குலக் குழாய் பத்தடிக்கு 25 லிட்டரைக் கொஞ்சம் தாண்டிப் பிடிக்கும். கிணற்றுக்கு மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் குழாயோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். துணி துவைக்கும் இடத்துத் தண்ணீர், கார் கழுவும் தண்ணீர், பால்கனித் தரை கழுவும் தண்ணீர் எதுவும் உறைகிணற்றுக்குள் போகக் கூடாது. அதே போல, மழைநீரைக் கழிவுநீர்ச் சேம்பரில் திருப்பிவிடும் குறுக்குவழியும் வேண்டாம். சட்டப்படியும் தப்பு, பெரிய மழையில் தெருவின் சாக்கடை உங்கள் வீட்டுக் குளியலறை வழியாகவே திரும்பி வரும். உறைகிணறு நிரம்பினால் வழிந்து வெளியேற ஒரு குழாய் தெரு வடிகாலுக்குப் போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், கிணறு நிறைந்ததும் எவ்வளவு சுத்தமான குழாயாக இருந்தாலும் தண்ணீர் பின்வாங்கிச் சந்தில் பொங்கும். 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ வந்த மாதிரி, தெருவில் தண்ணீர் உங்கள் மூடிகளுக்கு மேலே நின்றால் இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. அந்த அளவுக்கு ஏறாதபோது, வழிந்தோடும் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருந்தால் தெருத் தண்ணீராவது கிணற்றில் இறங்காது. அந்த வால்வும் அடைத்துக்கொள்ளும் சாமான்தான், அதற்கும் மேலே ஒரு மூடி வேண்டும்.

உறைகிணற்றின் அடியில் ஏற்கெனவே சேறு இருக்கும். அதை எடுக்க ஆளை இறக்காதீர்கள். மூடியே கிடக்கும் கிணற்றில் பிராணவாயு குறைந்து, கெட்ட காற்று தேங்கியிருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவதும், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவதும் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. சேற்றுப் பம்பு வைத்து மேலேயிருந்தே கலக்கி உறிஞ்சி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்புக்குத் தேதி குறித்துக்கொள்ள வேண்டாம், குச்சி போதும். தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். படிந்த மண் சேகரிப்புக் குழிவில் பாதியை நெருங்கினால் அள்ளிவிட வேண்டும், அதற்கு மேல் புது மண் தங்காமல் அடித்துக்கொண்டு போகும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுவதால், புரட்டாசியில் மாடியைக் கூட்டி, தொட்டியைக் காலி செய்து வைப்பது முக்கியம். அதன் பிறகு வரும் முதல் பெரிய மழை, கூட்டியும் மிஞ்சிய தூசியை ஒரே தடவையில் கொண்டுவரும், அது முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடைசியாகத் தை மாதத்தில் தண்ணீரை முழுவதும் இறைத்துக் காயவிடுங்கள். வாரிய மண்ணைச் செடிக்குப் போடலாம். மாடியில் பெயிண்ட் வேலையோ கட்டட வேலையோ நடந்திருந்தால் மட்டும் குப்பைக்கு.

வேலை நடக்கும்போது, குழி மூடுவதற்கு முன், குழாய் போகும் பாதையைச் சுவரிலிருந்து அளந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூடியும் எங்கே, உள்ளே வரும் குழாயும் வெளியேறும் குழாயும் எவ்வளவு ஆழம், பின்கோடித் திருகு மூடி எந்த டைல்ஸ் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து வரும் பிளம்பர் நிச்சயம் வேறு ஆளாக இருப்பார், வந்ததும் சந்து முழுவதையும் உடைக்கத்தான் சொல்வார்.